சிறு விமானத்தின் வெற்றிடப் பம்பும் அதன் ஓசையும்

சந்தையில் மட்பாண்டம் வாங்கப் புகுவோர் அதனை விரலாற் சுண்டிப் பார்த்தபின்னரே விலை பேசுவர். நன்றாய்ச் சுட்ட பாண்டம் கணீரென ஒலிக்கும். கீறல் விழுந்ததோ கரகரவென்னும். கண்ணுக்குப் புலனாகாத பிளவைச் செவி அறிவித்துவிடுகின்றது. வைத்தியர் நோயாளியின் மார்பில் செவிக்குழாய் வைத்துக் கேட்பதும், வண்டிக்காரன் அச்சின் கிரீச்சொலி கேட்டு மசகிட வேண்டுமென அறிவதும் இவ்வகையினவே. ஆயினும் ஓசையைக் கேட்டல் வேறு. அதன் காரணத்தை அறிதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையே கடக்கவேண்டிய வழி ஒன்று உளது. அவ்வழியை, பழைய சிறு விமானம் ஒன்றில் வழக்கமல்லாத ஓசை எழுங்கால் பணியாளர் மேற்கொள்ளும் சோதனை முறையைக்கொண்டு ஆராய்வதே நம் கருத்து. விமானத்தை என்றும் தொடாத மாணவருக்கும் இவ்வாராய்ச்சி பயன்படும் என்று நம்புகின்றோம்.

1. பம்பின் தொழில்

விமானம் மேகத்தினுட் புகுங்கால் விமானிக்கு அடிவானம் மறைந்துபோம். அது மறைந்தபின், விமானம் நேரே செல்கின்றதா, ஒருபுறம் சாய்ந்து திரும்புகின்றதா என்பதை உடலுணர்ச்சியால் அறிய இயலாது. நம் செவியினுள் அமைந்த சமநிலையுறுப்பு மெல்ல நிகழும் சாய்வை உணர்வதில்லை. திருப்பம் ஒரே சீராய் நீடிக்குமாயின், திரும்பவே இல்லை என்றும் பொய்யுரைக்கும். அமெரிக்காவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இதனை நன்கு விளக்கும். கருவிகளை மட்டும் நோக்கி ஓட்டும் பயிற்சி பெறாத 20 பேரை, வெளியே பார்வை செல்லாதவாறு செய்து, ஆசிரியர் உடனிருக்க விமானம் ஓட்டச் செய்தனர். இருபதின்மரும் விமானத்தைத் தம் வயத்தில் வைத்திருக்கும் ஆற்றலை இழந்தனர். அதற்குச் சென்ற காலம் சராசரியாக 178 விநாடி. அஃதாவது மூன்று நிமிஷமும் இல்லை.

இவ்விடரைத் தீர்ப்பதற்கு அமைந்தவை ஜைரோக் கருவிகள். சிறுவர் ஆடும் பம்பரம் விரைந்து சுழலுங்கால் அசையாது நிமிர்ந்து நிற்கும். அதனைப் பம்பரம் தூங்குகின்றது என்று நாம் சொல்லுகின்றோம். விரைவு குறைந்தவுடன் அது தள்ளாடத் தொடங்கும். விரைந்து சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ளாது என்னும் இவ்வியல்பே ஜைரோவின் உயிர். செயற்கை அடிவானம் என்னும் கருவியிலும், திசை காட்டும் ஜைரோவிலும் நிமிஷத்துக்கு 10,000 முறைக்கு மேற் சுழலும் சிறு சக்கரம் ஒன்று உண்டு. 1929-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், நியூயார்க்கைச் சார்ந்த மிட்செல் விமானத் திடலில், ஜிம்மி டூலிட்டில் என்பார் தம் இருக்கையைத் திரையிட்டு மூடிக்கொண்டு, ஸ்பெர்ரி நிறுவனத்தார் இயற்றிய இவ்விரு கருவிகளையும் பிற கருவிகளையும் மட்டுமே நோக்கி, எழும்பிப் பறந்து மீண்டும் தரையில் இறங்கினார். மேகத்தினூடே அஞ்சாது பறக்கும் கலை அன்று மெய்ப்பிக்கப்பட்டது.

இச்சக்கரம் சுழல்வதற்கு வேண்டும் விசையைத் தருவது காற்றே. கருவிப் பெட்டியினுள் இருக்கும் காற்றைப் பம்பு உறிஞ்சி வெளியேற்றும். அவ்விடத்தை நிரப்ப, விமானியின் அறையிலுள்ள காற்று வடிகட்டியின் வழியே பாய்ந்து, சிறு துளையினின்று சீறி, சக்கரத்தின் விளிம்பில் மோதி அதனைச் சுழற்றும். நீரோட்டம் ஆலைச் சக்கரத்தைச் சுழற்றுதல் போன்றதே இது. ஆகவே காற்று செல்லும் முறை வடிகட்டி, ஜைரோ, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் என்னும் வால்வு, பம்பு, வெளியிடம் என்பதாம். இவ்வரிசையை நினைவில் இருத்துக. பின்னர்க் கூறும் சோதனை யாவும் இதனைப் பற்றியே நிற்கும்.

பம்பு வேண்டும் அளவிற்கு உறிஞ்சுகின்றதா என்பதைக் காட்ட விமானியின் எதிரே ஒரு மானி உண்டு. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 29.92 அங்குலப் பாதரசம். ஜைரோக்கள் செம்மையாய்ச் சுழல 4.5 முதல் 5.5 அங்குலம் வரையிலான உறிஞ்சல் போதும். அஃதாவது காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. சரியான எல்லை ஒவ்வொரு விமானத்தின் கையேட்டிலும் குறிக்கப்பட்டிருக்கும்.

2. பம்பின் அமைப்பு

மிகப் பழைய சிறு விமானங்களிற் பலவற்றில் பம்பே இல்லை. உடலின் பக்கத்தில் வெஞ்சுரி என்னும் இடைசுருங்கிய குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பறக்குங்கால் அதனூடே காற்று விரைந்து பாய்வதனால் உறிஞ்சல் உண்டாகும். விமானம் விரைந்து செல்லும்போதன்றி அது பயன்படாது. உறைபனி படிந்தால் அடைபட்டும் போகும். ஆதலின் எஞ்சினாற் சுழற்றப்படும் பம்பே வழக்கிற்கு வந்தது.

பம்பு இருவகைத்து. முற்பட்டது ஈரப் பம்பு. அதன் உருளையிலுள்ள எஃகு இதழ்களுக்கு எஞ்சின் எண்ணெயே மசகாகும். உறிஞ்சிய காற்றோடு வெளிப்படும் எண்ணெயைப் பிரிக்கத் தனியே ஓர் உறுப்பு வேண்டும். அது நெடுங்காலம் உழைப்பது. 1960-களிலிருந்து பெரிதும் பரவியது உலர் பம்பு. இதற்கு எண்ணெய் ஒரு துளியும் ஆகாது. இதன் உருளையும் இதழ்களும் கரியினால் ஆனவை. பென்சிலின் கரி தாளில் உராய்ந்து தன்னைத் தேய்த்துக்கொண்டே எழுதுவதுபோல, இவ்விதழ்களும் தம்மைத் தேய்த்துக்கொண்டே தமக்கு மசகாகின்றன. எடை குறைவு, எண்ணெய்க் கசிவின்மை என்பன இதன் நலன்கள். நாளொன்றுக்கு நாள் தேய்ந்து குறைதல் இதன் இயல்பாகிய குறை.

உலர் பம்பின் உட்புறம் நீள்வட்டத்தை ஒத்த கூடு. அதன் நடுவே சுழலும் உருளையிற் பிளவுகள் உண்டு. ஒவ்வொரு பிளவினுள்ளும் ஓர் இதழ் முன்னும் பின்னும் நழுவும். உருளை சுழல இதழ்கள் வெளிவீசப்பட்டுக் கூட்டின் சுவரைத் தடவிச் செல்லும். அவற்றிடையே உள்ள இடம் விரிந்தும் சுருங்கியும் காற்றை இழுத்துத் தள்ளும். பிளவுகள் ஒருபுறம் சாய்வாய் வெட்டப்பட்டிருத்தலின், பம்பு ஒரு திசையிற் சுழல்வதற்கே உரியது. எஞ்சினுக்கும் பம்புக்கும் இடையே கடினமற்ற ஓர் இணைப்புத் துண்டு உண்டு. பம்பு இறுகி நின்றுவிடின் இத்துண்டு முறிந்து, எஞ்சினின் பற்சக்கரங்களைக் காக்கும். வீட்டு மின்சாரத்தில் பியூஸ் கம்பி எத்தொழில் புரிகின்றதோ அதுவே இதன் தொழிலும்.

இதழ் தேயத் தேய நீளம் குறையும். நீளம் குறைந்த இதழ் பிளவினுள் நிலைகொள்ளாது சாய்ந்து சிக்கிக்கொள்ளும்; அக்கணமே கரியுருளை நொறுங்கும், இணைப்பு முறியும், மானி பூஜ்யத்திற்கு விழும். உலர் பம்புகளிற் பல இவ்வாறு முன்னறிவிப்பின்றியே மாள்வன. இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. பம்பு நின்றவுடன் ஜைரோ நின்றுவிடுவதில்லை. அது பல நிமிஷம் வரை வேகம் தளர்ந்துகொண்டே சுழலும். தளரும் பம்பரம்போலச் செயற்கை அடிவானமும் மெல்ல மெல்லச் சாயும். மேகத்தினுள் இருக்கும் விமானி அச்சாய்வை விமானத்தின் சாய்வென மயங்கி, அதனைத் திருத்தப் புகுந்து, நேரே செல்லும் விமானத்தைத் தாமே சாய்த்துவிடுவார். கருவி முற்றும் கெட்டுப்போதலினும் சிறிதுசிறிதாய்ப் பொய்யுரைத்தல் கொடிது.

இதனால் இரண்டு உண்மை பெறப்படும். பம்பினின்று புதிய ஓசை கேட்குமாயின் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. கேட்டபின் மேகத்தினுட் செல்லுதல் அறவே கூடாது. ஓசை இல்லையெனில் பம்பு நலமாய் உள்ளது என்று துணிதலும் தவறு.

3. ஓசையின் இருப்பிடம்

வழக்கமற்ற ஓசை என்ற அளவில் அது பம்பினின்றே எழுந்தது என்று கொள்ளுதல் கூடாது. சிறிய விமானத்தின் அறை முழுதும் எஞ்சினின் அதிர்வால் நிரம்பியது. ஓசையின் இருப்பிடத்தை அறியச் செவியை மட்டும் நம்பாது, ஓசை எதனோடு மாறுகின்றது என்பதை நோக்கல் வேண்டும். ஒரு காலத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. பிறவற்றை அசையாது வைக்க. ஓசை மாறுகின்றதா என்று கேட்க. பௌதிக சாஸ்திரச் சோதனைச்சாலையில் நாம் பயிலும் முறையும் இதுவேயன்றோ?

முதலாவது, தலையிலணிந்த ஹெட்செட்டைச் சற்றே விலக்கிக் கேட்டல் வேண்டும். ஓசை மறைந்துவிடின் அது காற்றில் எழுந்த ஓசையன்று, மின்சுற்றில் எழுந்தது. ஆல்டர்னேட்டரின் மின்னலைகள் வானொலிக் கருவியிற் கலந்து சீழ்க்கைபோல் ஒலிப்பது பழைய விமானங்களிற் காணப்படும் குறையே. தரையில் நிற்குங்கால் ஆல்டர்னேட்டரின் சுவிட்சை அணைத்தால் அவ்வொலியும் அடங்கும்; விளக்குகளை ஏற்றினால் மாறும். எஞ்சினின் வேகத்தோடு அதுவும் உயர்ந்து தாழ்தலின், பம்பின் ஓசையென்று பலரை மயக்குவது இதுவே.

இரண்டாவது, ஓசை எஞ்சினின் வேகத்தோடு மாறுகின்றதா, விமானத்தின் வேகத்தோடு மாறுகின்றதா என்று பார்த்தல். தரையில் இல்லாது, வானில் வேகம் மிக மிக எழும் சீழ்க்கை பெரும்பாலும் கதவின் ரப்பர் விளிம்பிலோ காற்றுத் துளையிலோ எழுவதாம். பம்பிற்கும் அதற்கும் தொடர்பில்லை.

மூன்றாவது, திராட்டிலை ஏற்றி இறக்குங்கால் ஓசையின் சுருதி உடனே ஏறி இறங்குமாயின் அஃது எஞ்சினோடு பிணைக்கப்பட்டுச் சுழலும் ஏதோ ஓர் உறுப்பினுடையது. பம்பும் அவற்றுள் ஒன்று. சுருதி மாறாது நிற்குமாயின் ஜைரோவைச் சந்தேகித்தல் தகும். ஏனெனில் ரெகுலேட்டர் உறிஞ்சலை ஒரே அளவில் நிறுத்துவதனால், எஞ்சின் வேகம் மாறினும் ஜைரோவின் வேகம் அத்துணை மாறுவதில்லை. எஞ்சினை நிறுத்தியபின் அமைதியாய் அமர்ந்து கேட்டால் இவ்வையம் முற்றும் தெளியும். பம்பின் ஓசை எஞ்சினோடு அக்கணமே நின்றுபோம்; ஜைரோவின் ஓசையோ தனியே தொடர்ந்து மெல்ல இறங்கி ஓயும். நல்ல ஜைரோ மெல்லிய ரீங்காரத்தோடு ஓயும். தாங்கி தேய்ந்த ஜைரோ கரகரத்து விரைவில் நின்றுவிடும்.

நான்காவது, ஒரு குறித்த வேகத்தை எட்டியவுடன் தொடங்கி, பின்னர் அதிகம் மாறாது நிற்கும் சீறலோ படபடப்போ ரெகுலேட்டரினுடையதாகலாம். உறிஞ்சல் குறித்த அளவை எட்டும்போதே அதன் வால்வு திறந்து காற்றை உள்விடுகின்றது என்பதை நினைக்கின் இதன் காரணம் விளங்கும்.

இவற்றைக் கணக்கினாலும் காணலாம். லைகமிங் எஞ்சின்கள் பலவற்றில் பம்பு எஞ்சினைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு வேகத்திற் சுழலும். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுழலுங்கால் விநாடிக்கு 40 சுற்று ஆகின்றது. பம்பு விநாடிக்கு 52 சுற்று. பம்பில் ஆறு இதழ் உளவெனக் கொண்டால், விநாடிக்கு 312 முறை இதழ்கள் ஓரிடத்தைக் கடக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினோ ஒரு சுற்றுக்கு இருமுறை வெடித்தலின், அதன் அதிர்வு விநாடிக்கு 80. எஞ்சினை 1,800 சுற்றுக்குக் குறைத்தால் எஞ்சினின் அதிர்வு 60 ஆகும். பம்பினது 234 ஆகும். நிமிஷத்துக்கு 12,000 முறை சுழலும் ஜைரோவின் அதிர்வோ இரு நிலையிலும் 200-ஐ ஒட்டியே நிற்கும். இக்காலத்தில் ஒலியைப் பகுத்துக் காட்டும் செயலியைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டு வேகங்களில் ஓசையைப் பதிந்து, எந்த அதிர்வு எஞ்சினோடு ஒரே விகிதத்தில் நகர்ந்தது, எது நகரவில்லை என்று நோக்கின், சந்தேகத்திற்குரிய உறுப்புகளிற் பாதி ஒருங்கே நீங்கிவிடும்.

4. மானி கூறும் சாட்சி

ஓசையைக் கேட்டபின் மானியை நோக்குக. மானியின் முள் அளவான எல்லைக்குள் நிற்கின்றதா, நடுங்குகின்றதா, தாழ்ந்துள்ளதா என்பன பார்க்கத்தக்கவை. முள் தாழ்ந்திருப்பின் குழாயில் ஒழுக்கு, ரெகுலேட்டரிற் பழுது, பம்பின் தேய்வு ஆகிய மூன்றும் காரணமாகலாம். முள் மிக உயர்ந்திருப்பின் ரெகுலேட்டரின் வடிகட்டி தூசியால் அடைபட்டிருத்தல் கூடும். காற்று உள்ளே புகும் வழி குறுகவே உறிஞ்சல் மிகுகின்றது. பம்பின் உழைப்பும் மிகுகின்றது. இந்நிலையில் வடிகட்டியை மாற்றாது ரெகுலேட்டரின் திருகாணியைத் திருப்பி முள்ளைப் பச்சைக் கோட்டிற்குக் கொணர்தல், காய்ச்சல்மானியைக் குளிர்நீரில் நனைத்துக் காய்ச்சல் தணிந்தது என்பதனை ஒக்கும்.

முள் நடுநிலையில் நிற்பதொன்றே பம்பின் நலத்துக்குச் சான்றாகாது. உயர்ந்த வேகத்தில் பம்பு தேவைக்கு மேல் உறிஞ்சும். மிகையை ரெகுலேட்டர் கழித்துவிடும். ஆகவே பம்பு தேய்ந்து வலிமை குன்றினும், அக்குறைவு மானியிற் புலனாகாது மறைந்து நிற்கும். அதனை வெளிப்படுத்தும் உபாயம் எளியது. எஞ்சினின் வேகத்தைச் சிறிதுசிறிதாய் உயர்த்தி, எவ்வேகத்தில் முள் பச்சைக் கோட்டினுள் புகுகின்றது என்று குறித்து வைத்துக்கொள்க. முன்னர் 1,200 சுற்றிலே புகுந்த முள் சில மாதம் சென்றபின் 1,600 சுற்றிலே புகுமாயின், ஒழுக்கோ தேய்வோ வளர்ந்து வருகின்றது என்பது தெளிவு. இங்ஙனம் குறித்து வைக்கும் சிறு நோட்டுப் புத்தகம் விலையுயர்ந்த கருவியினும் மேலானது.

5. தரையிற் செய்யும் சோதனை

எஞ்சின் மூடியைத் திறந்து செய்யும் சோதனை, உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் பணி. மோட்டார்ப் பணியாளர் ஓடும் எஞ்சினில் நீண்ட கோலை ஊன்றி மறுமுனையிற் செவி வைத்துக் கேட்பர். விமானத்தில் இது கூடாது. சுழலும் விசிறியின் அலகு கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சின் நின்றபின்னும் மாக்னெட்டோவிற் பழுதிருப்பின் விசிறியைக் கையால் அசைத்த அளவில் எஞ்சின் வெடித்து இயங்கலாம். ஆகவே மாக்னெட்டோக்களை அணைத்துச் சாவியை எடுத்து, எரிபொருளை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தபின்னரே அணுகல் வேண்டும். விசிறியைத் திருப்புங்கால் கேட்கும் டக்கென்னும் உரத்த ஒலி மாக்னெட்டோவிலுள்ள விசையிணைப்பினது; அது குறையன்று.

பம்பின் அடியில், அது எஞ்சினோடு பொருந்தும் இடத்தில், எண்ணெய் கசிந்துள்ளதா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். அவ்விடத்துள்ள எண்ணெய்த் தடுப்பு வளையம் முதிர்ந்து கெட்டால், எண்ணெய் பம்பினுட் புகுந்து கரித்தூளோடு கலந்து பசையாகும். இதழ்கள் பிளவில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சினைக் கழுவுங்கால் பம்பை மூடாது விட்டால் கழுவும் திரவமும் இதே தீங்கைச் செய்யும். அடுத்து ரப்பர்க் குழாய்கள். பழைய விமானங்களில் இவை பல ஆண்டு மாற்றப்படாது கிடக்கும். வெளியே நலமாய்த் தோன்றினும் உட்புறம் வறண்டு பொடியாய் உதிரும். காற்று பம்பை நோக்கியே பாய்தலால் அப்பொடி நேரே பம்பினுட் செல்லும். பின்னர் வடிகட்டி. விமானத்தினுள் புகை பிடித்தல் வழக்காயிருந்த காலத்தில் புகையிலைக் கறையே வடிகட்டிகளை அடைத்ததுண்டு.

இனிப் பம்பைக் கழற்றி, அதற்குரிய திசையிலே மட்டும் கையால் மெல்லத் திருப்புதல். இதழ்கள் நழுவி விழும் மெல்லிய டிக்டிக்கென்னும் ஒலியோடு எளிதாய்ச் சுழன்றால் அது இயல்பு. மணலை அரைத்தாற்போல் நறநறவென்றாலும், இடையிடையே இறுகினாலும் அது நோயின் குறி. எதிர்த்திசையில் திருப்பலாகாது, கூட்டினைப் பட்டறைப் பிடியில் இறுக்கிப் பிடிக்கலாகாது, கரி எளிதில் விண்டுபோம். சில புதிய பம்புகளில் இதழின் தேய்வை அளந்து பார்க்கவே ஒரு துளை உண்டு.

ஐயத்தை அறவே தீர்ப்பது ஒரு சோதனை உண்டு. பம்பைக் கழற்றிய இடத்தை அதற்குரிய மூடுதகட்டால் எண்ணெய் கசியாதவாறு அடைத்துத் தரையிலேயே எஞ்சினை இயக்குக. ஓசை நின்றுவிடின் அதன் இருப்பிடம் பம்பே. ஓசை தொடருமாயின் பம்பு குற்றமற்றது. எஞ்சினின் பற்சக்கரங்களையோ, ஆல்டர்னேட்டரின் தாங்கியையோ, புகைபோக்கியின் கசிவையோ நாடிச் செல்லல் வேண்டும். நல்ல பம்பொன்றைத் தூக்கி எறிந்து, மெய்யான குறையை எஞ்சினுள்ளே விட்டுவைக்கும் இரட்டை நட்டத்தினின்று இச்சோதனை காக்கும்.

6. ஓர் எடுத்துக்காட்டு

கூறியவற்றை ஒருங்கு சேர்த்துக் காண, கற்பனையாக ஒரு நிலையைக் கொள்வோம். 1956-ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்து, 40,000-க்கு மேற்பட்டுச் செய்யப்பட்ட செஸ்னா 172 என்னும் நான்கிருக்கை விமானம் உலகெங்கும் பயிற்சிக்கு வழங்குவது. 1970-ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட அவ்வகை விமானமொன்று தரையில் உருளுங்கால் முனகலொலி எழுகின்றது என்க. ஹெட்செட்டை விலக்கினும் ஒலி கேட்கின்றது. ஆதலின் மின்சாரக் குறையன்று. திராட்டிலோடு சுருதி ஏறுகின்றது. எஞ்சின் நின்றவுடன் நிற்கின்றது. ஆதலின் ஜைரோ அன்று. மானியின் முள் 1,700 சுற்றில் 5.0 அங்குலத்தில் அசையாது நிற்கின்றது. இந்நிலையில், மானி சரியாய் உள்ளதே என்று எண்ணிப் பறக்கத் துணிவாரும் உளர். ஆயின் பழைய குறிப்பை ஒப்பிட்டால், முள் பச்சைக் கோட்டிற் புகும் வேகம் முன்னினும் 400 சுற்று உயர்ந்துள்ளது. மூடியைத் திறந்தால் பம்பின் அடியில் எண்ணெய்ப் பிசுக்கு. வெளிச்செல்லும் குழாயிற் கரும்பசை. கழற்றித் திருப்பினால் நறநறப்பு. மூடுதகடு இட்டு இயக்கினால் ஓசை இல்லை.

நோய் கண்டாயிற்று. இனிச் செய்யத்தக்கது யாது? புதிய பம்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினால் ஓசை அன்றே நீங்கும், விமானியும் மகிழ்வார். ஆனால் எண்ணெய் கசியும் வளையம் அங்கேயே இருக்கின்றது. முதற் பம்பைக் கொன்ற அதே எண்ணெய் இரண்டாம் பம்பையும் கொல்லும். அப்போது ஓசை எழுந்து எச்சரிக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. நோயும் அதன் முதலும் தணிக்கும் வழியும் முறையே நாடிச் செய்யவேண்டும் என்று திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த முறை இங்கும் பொருந்துவதாகும். ஓசை நோயின் குறி. பம்பின் தேய்வு நோய். வளையத்தின் கசிவு நோயின் முதல். ஆகவே வளையத்தை மாற்றி, பழைய குழாய்களைக் களைந்து புதியன இட்டு, உலோகக் குழாய்களை ஊதித் துப்புரவாக்கி, வடிகட்டிகளை மாற்றி, இறுதியாகவே புதிய பம்பைப் பொருத்தல் வேண்டும். நொறுங்கிய பம்பாயின், அதன் கரித்துண்டுகள் குழாயினுள் தங்கியிருத்தல் கூடுமாதலின் இத்துப்புரவு இன்னும் இன்றியமையாதது. குழாயின் மரைகளில் நாடாவோ பசையோ சுற்றலாகாது. அதன் துணுக்கும் பம்பினுட் போய்ச் சேரும்.

7. வானில் இருக்குங்கால்

பறக்கும்போதே ஓசை எழுந்தால் காரணம் ஆராய அது காலமன்று. மானியை நோக்குக. மேகத்திற்கு வெளியே இருந்தால் வெளியிலேயே நிற்க. அருகிலுள்ள விமானத் திடலில் இறங்கத் தீர்மானிக்க. மேகத்தினுள் இருக்கையில் மானி விழுந்துவிடின், செயற்கை அடிவானத்தையும் திசை காட்டும் ஜைரோவையும் ஒரு தாளாலேனும் மூடிவிடுதல் நன்று. கண் பழக்கத்தால் அவற்றையே நாடும். பின்னர், பெரும்பாலும் மின்சாரத்தால் இயங்கும் திருப்பங்காட்டியையும், உயரமானி, வேகமானி, காந்த திசைகாட்டி ஆகியவற்றையும் துணைக்கொண்டு, நிலையத்தார்க்கு நிலைமையை அறிவித்து வெளியேறுக. உறிஞ்சும் கருவிகளும் மின் கருவிகளும் ஒரே காலத்தில் கெடாதிருக்கவே அவற்றை வேறுவேறு விசையால் இயங்குமாறு அமைத்தனர். அவ்வேற்பாட்டின் பயன், அதனை முன்னரே பயின்றவர்க்கே உரியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஓசை ஒரு சாட்சியேயன்றி நீதிபதியன்று என்பது விளங்கும். சாட்சி சொல்வதை இகழ்தலும் தவறு. அதனை மட்டும் கேட்டுத் தீர்ப்பளித்தலும் தவறு. மானி, எண்ணெய்க் கறை, குழாயின் உட்புறம், கையால் திருப்புங்கால் தோன்றும் உணர்ச்சி, பழைய குறிப்பேடு ஆகிய பிற சாட்சிகளோடு அதனை ஒப்பிட்டபின்னரே உண்மை புலப்படும். சாட்சி மௌனமாயிருந்த காலத்தும் வழக்கு இல்லையென்று கருதாது, பம்பின் வயதையும் உழைத்த மணிகளையும் கணக்கிட்டு உரிய காலத்தில் மாற்றுதல் அறிவுடைமை.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருள் விமானத்தொழிலை மேற்கொள்வார் சிலரேயாவர். எனினும் நீரிறைக்கும் மோட்டாரோ, அச்சு யந்திரமோ, ஆய்வுச்சாலைக் கருவியோ புதிதாய் ஓலமிடும் நாள் எவர்க்கும் வரும். அன்று ஒலித்த உறுப்பை மாற்றிவிட்டு அமையாது, அஃது ஏன் ஒலித்தது என்று ஒன்றன்பின் ஒன்றாய் வினவி, ஒவ்வொரு முறையும் ஒன்றையே மாற்றிச் சோதித்து, விடையைக் குறித்து வைப்பார்களாயின், இக்கட்டுரை எழுதியதன் பயனை நாம் பெற்றவராவோம்.